தாரி, ஃபார்சி, பஷ்தூ: காபூல் நோயாளிகளோடு பேச எதைக் கற்பது?

நாகர்கோவில்காரி கேட்டது:

வணக்கம். தில்லியில் ஒரு தனியார் மருத்துவமனையின் எலும்பு சிகிச்சை வார்டில் நர்ஸாக இருக்கிறேன். ஆப்கானிஸ்தானிலிருந்து அறுவைச் சிகிச்சைக்கு வருகிறவர்கள் எங்கள் வார்டில் அடிக்கடி இருப்பார்கள். பகலில் மொழிபெயர்ப்பாளர் உண்டு. இரவு ஷிப்டில் இல்லை. வலி எங்கே, எவ்வளவு, மாத்திரை போட்டாச்சா, சிறுநீர் போனதா என்று கேட்பதற்குள் அவர்களும் தவித்து நானும் தவித்துப் போகிறேன். இதை இப்படியே விட எனக்கு மனமில்லை. கொஞ்சமாவது கற்றுக்கொள்ள வேண்டும்.

என் சந்தேகங்கள் இவை. நான் பார்த்த செல்போன் செயலிகளில் ஃபார்சிதான் கிடைக்கிறது, தாரி இல்லை. ஒரு நோயாளியின் தம்பி "நாங்கள் பேசுவதும் ஃபார்சிதான்" என்றார். இன்னொருவர், "ஃபார்சி ஈரானுடையது, எங்களுடையது தாரி" என்று கோபமாகவே சொன்னார். எது சரி? ஃபார்சி படித்தால் இவர்களிடம் பேச முடியுமா?

அடுத்தது, காந்தஹாரிலிருந்து ஒரு பெரியவர் வந்தார். மொழிபெயர்ப்பாளர் தாரியில் கேட்டதெல்லாம் அவருக்கு ஓரளவு புரிந்தது. ஆனால் பதில் வேறு ஏதோ மொழியில் வந்தது. பேரன்தான் மாற்றிச் சொன்னான். அது பஷ்தூவாம். இரண்டுக்கும் இடையே தமிழுக்கும் மலையாளத்துக்கும் உள்ள தூரமா, இல்லை அதைவிட அதிகமா?

எனக்கு இந்தி நன்றாக வரும். தர்த், தவா, கூன், கரம் என்று பல வார்த்தைகள் காதில் விழும்போது தெரிந்தவை போலவே இருக்கின்றன. அதை நம்பலாமா?

ஹரீரூத் எழுதியது:

சிஸ்டர், ஹெராத் மாகாணத்தில் சல்மா அணை கட்டியபோது மின்பணிப் பிரிவில் இருந்தேன். 2016இல் அணை திறந்த பிறகு காபூலிலும் கொஞ்ச காலம் வேலை. தாரியை நான் வகுப்பில் படிக்கவில்லை. கேபிள் இழுத்த ஹெராத் பையன்களும் முகாம் சமையல்காரரும்தான் எனக்கு ஆசிரியர்கள். உங்கள் கேள்வியைப் பார்த்ததும் விரிவாகவே எழுதத் தோன்றியது, ஏனென்றால் இதில் தவறான வழிகாட்டல் நிறைய நடக்கிறது.

ஃபார்சியும் தாரியும் ஒரே மொழி, நாம் பாரசீகம் என்பது. ஆப்கானிஸ்தானின் 1964 அரசியலமைப்புதான் 'தாரி' என்பதை அங்கே அதிகாரப்பூர்வப் பெயராக்கியது. (நாம் தாரி என்று எழுதினாலும் அவர்கள் வாயில் முதல் எழுத்து குறில், 'தரீ'.) பெயர் பழையதுதான், ஆனால் வீட்டுக்குள் தங்கள் மொழியை இன்றைக்கும் ஃபார்சி என்றே சொல்கிற காபூல்காரர்கள் ஏராளம். ஹெராத்தில் எனக்குத் தெரிந்த எல்லோரும் அப்படித்தான் சொன்னார்கள். ஆக உங்களிடம் பேசிய இருவரும் சொன்னது சரியே. எந்தப் பெயர் என்பது அங்கே அரசியல் சூடுள்ள விஷயம். பல்கலைக்கழகத்தை ஃபார்சியில் 'தானிஷ்காஹ்' என்பார்கள், பஷ்தூவில் 'போஹந்தூன்'. 2008இல் பல்க் மாகாணத்தில் அரசுத் தொலைக்காட்சிச் செய்தியாளர்கள் 'தானிஷ்காஹ்' என்று சொன்னதற்காக அமைச்சகம் அபராதம் போட்டது. அதனால் நோயாளியிடம் நீங்களாகப் பெயர் வைக்க வேண்டாம். அவர் எப்படிச் சொல்கிறாரோ அப்படியே நீங்களும் சொல்லுங்கள்.

எழுத்தில் தெஹ்ரான் செய்தித்தாளைக் காபூல்காரர் தடையில்லாமல் படிப்பார். வித்தியாசம் வாயில் இருக்கிறது. உங்களுக்கு இரவெல்லாம் தேவைப்படும் ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். 'எங்கே வலிக்கிறது?'

காபூலில்: குஜாயத் தர்த் மேகுன?
தெஹ்ரானில்: கொஜாத் தர்த் மீகொனே?

இந்த ஒரு வாக்கியத்திலேயே பாதி விஷயம் இருக்கிறது. காபூலில் 'மே', தெஹ்ரானில் 'மீ'. காபூலில் 'கு', தெஹ்ரானில் 'கொ'. காபூலில் முடிவில் அகரம், தெஹ்ரானில் ஏகாரம். இடைக்காலப் பாரசீகத்தில் ஏ, ஈ இரண்டும் தனித்தனியாக இருந்தன, ஓ, ஊ இரண்டும் தனித்தனியாக இருந்தன. ஈரானில் அவை ஒன்றாகக் கலந்துவிட்டன, காபூலில் கலக்கவில்லை. காபூலில் சிங்கம் 'ஷேர்', பால் 'ஷீர்'. தெஹ்ரானில் இரண்டுமே 'ஷீர்'. பகல் காபூலில் 'ரோஸ்', தெஹ்ரானில் 'ரூஸ்'. நண்பன் காபூலில் 'தோஸ்த்', தெஹ்ரானில் 'தூஸ்த்'. நம் எழுத்தில் ஏ, ஈ, ஓ, ஊ எல்லாமே தனித்தனியாக இருப்பதால் காபூல் உச்சரிப்பைத் தமிழில் எழுதி வைத்துப் படிப்பது சுலபம். நான் அப்படித்தான் ஒரு நோட்டு முழுக்க எழுதி வைத்திருந்தேன்.

இப்போது உங்கள் இந்திக்கு வருகிறேன். இந்தியில் சிங்கம், புலிக்கு 'ஷேர்' என்றும் நண்பனுக்கு 'தோஸ்த்' என்றும்தானே சொல்கிறோம்? பாரசீகம் இந்தியாவுக்கு வந்தது காபூல், மத்திய ஆசியா வழியாக. பாபர் 1504இல் காபூலைப் பிடித்தார், 1526இல்தான் பானிபட்டுக்கு வந்தார். அந்தப் பக்கத்து உச்சரிப்பே தில்லியில் தங்கியது. ஆங்கிலேயர்கள் 1837இல் எடுக்கும்வரை இங்கே நீதிமன்ற மொழி பாரசீகம்தான். ஆகவே உங்கள் இந்திக் காது ஈரானியரைவிடக் காபூல்காரரைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். இதை முழுதாக நம்பலாம்.

வார்த்தைகளிலும் அப்படித்தான். மருத்துவமனை காபூலில் 'ஷஃபாகானா', ஈரானில் 'பீமாரெஸ்தான்'. சாலை 'சரக்' (இந்தி சடக்தான்), ஈரானில் 'கியாபான்'. கார் 'மோதர்', அங்கே 'மாஷீன்'. சைக்கிள் 'பாய்சிகல்', அங்கே 'தொச்சர்கே', அதாவது இருசக்கரம். உருளைக்கிழங்கு 'கச்சாலு', அங்கே 'சீப் ஸமீனீ'. விமான நிலையம் 'மைதானே ஹவாயீ', அங்கே 'ஃபொரூத்காஹ்'. ஈரானில் 1935இல் மொழிக்கென்று அகாதமி வைத்துப் பல புதுச் சொற்களை உருவாக்கினார்கள். மேல்தட்டுப் படிப்பு பிரெஞ்சு வழியில் போனதால் நன்றி சொல்லக்கூட 'மெர்சி' என்பார்கள். காபூல்காரருக்கு அந்நியச் சொற்கள் பெஷாவர், தில்லி வழியாக ஆங்கிலமாக வந்தன. அவர் நன்றிக்கு 'தஷக்குர்' என்பார்.

ஒரு இடத்தில் மட்டும் இந்தியை நம்பவே கூடாது. இது உங்கள் வேலையில் மிக முக்கியம். நோயாளி 'தில் தர்த்' என்றால் இந்திக் காதுக்கு நெஞ்சுவலி என்று தோன்றும். ஈரானில் அதற்கு வயிற்றுவலி என்று பொருள், ஆப்கானியர்களும் அதே பொருளில் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இதயத்துக்கு 'கல்ப்' என்ற சொல் இருக்கிறது. வார்த்தையை வைத்து முடிவு செய்யாமல் கையால் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

பஷ்தூவைப் பற்றி. காந்தஹார் பெரியவருக்குத் தாரி புரிந்ததற்குக் காரணம் அவர் தாரி கேட்டுப் பழகியவர் என்பதுதான், மொழிகள் நெருக்கம் என்பதல்ல. பஷ்தூ பேசுகிறவர்களில் தாரி தெரிந்தவர்கள் அதிகம், தாரி பேசுகிறவர்களில் பஷ்தூ தெரிந்தவர்கள் குறைவு. இரண்டும் ஈரானிய மொழிக் குடும்பம்தான். ஆனால் தாரி தென்மேற்குக் கிளை, பஷ்தூ கிழக்குக் கிளை. பிரிந்து இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாகிறது. உறவு தெரிய வேண்டுமென்றால் தாரியில் 'த' இருக்கும் இடத்தில் பஷ்தூவில் 'ல' வைத்துப் பாருங்கள். அப்பா 'பதர்', பஷ்தூவில் 'ப்லார்'. மகள் 'துக்தர்', அங்கே 'லூர்'. பத்து 'தஹ்', அங்கே 'லஸ்'. இப்படி உட்கார்ந்து பார்த்தால்தான் தெரியும், பேச்சில் ஒன்றும் பிடிபடாது. தண்ணீர் தாரியில் 'ஆப்' (காபூல் பேச்சில் 'ஆவ்'), பஷ்தூவில் 'ஓப'. ரொட்டி 'நான்', பஷ்தூவில் 'டோடை'. கண் 'சஷ்ம்', அங்கே 'ஸ்தர்க'.

இலக்கணம் இன்னும் தூரம். தாரியில் ஆண்பால் பெண்பால் அறவே இல்லை. அவன், அவள் இரண்டுக்கும் ஒரே 'ஓ'. வினையின் முடிவே ஆளைச் சொல்லிவிடும். 'ரஃப்தம்' என்றால் போனேன், தனியாக நான் என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழ் பேசுகிறவர்களுக்கு இது இயல்பாக வரும். பஷ்தூவில் பெயர்ச்சொல்லுக்கெல்லாம் ஆண்பால் பெண்பால் உண்டு. இறந்த காலத்தில் 'மைநே ரோட்டீ காயீ' என்று இந்தியில் வினை ரொட்டியைப் பின்தொடர்கிறதே, பஷ்தூவிலும் அப்படித்தான். தாரியில் 'மன் நான் குர்தம்' (நான் ரொட்டி சாப்பிட்டேன்), வினை எனக்கே சொந்தம். அஹ்மதின் புத்தகம் என்பதற்குத் தாரியில் 'கிதாபே அஹ்மத்', புத்தகம் முன்னால். பஷ்தூவில் 'த அஹ்மத் கிதாப்', ஆள் முன்னால். பஷ்தூவில் நம் ட, ண போன்ற நாவளை ஒலிகள் உண்டு. தாரியில் கிடையாது. மோட்டாரைக்கூட 'மோதர்' என்பது அதனால்தான்.

அப்புறம், இலக்கணத்தில் இவ்வளவு தூரமிருந்தும் மூன்று இடத்திலும் ஒன்றாக இருக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வேலை செய்துகொண்டிருப்பவரைப் பார்த்தால் ஈரானியர் 'கஸ்தே நபாஷீத்' என்பார். காபூல்காரர் 'மாந்த நபாஷீ'. பஷ்தூன் 'ஸ்தடை ம ஷே'. மூன்றுக்கும் பொருள், நீங்கள் களைக்காதிருங்கள். வார்த்தைகள் முற்றிலும் வேறு, வாழ்த்து ஒன்று. இரவு மூன்று மணிக்கு நீங்கள் சலைன் மாற்றும்போது யாராவது இதைச் சொல்லியிருப்பார்கள். காபூல்காரருக்கு 'ஸிந்தா பாஷீ' என்று பதில் சொல்லுங்கள், நீடு வாழ்க என்று அர்த்தம். படுத்திருப்பவரைப் பார்த்துக்கொண்டு விழித்திருக்கும் அவருடைய அண்ணன் தம்பியிடம் நீங்களே முதலில் 'மாந்த நபாஷீ' சொல்லிப் பாருங்கள். என் அனுபவத்தில் எந்த இலக்கணமும் இவ்வளவு வேலை செய்ததில்லை.

சுருக்கமாக என் யோசனை: எழுத்துக்கும் இலக்கணத்துக்கும் ஃபார்சி செயலி போதும். ஒலியை மட்டும் அதிலிருந்து எடுக்காதீர்கள், உங்கள் பகல் மொழிபெயர்ப்பாளரின் வாயிலிருந்து எடுங்கள். பஷ்தூவில் ஒன்று முதல் பத்தும், 'ச்சேர்த தர்த் லரே?' என்ற கேள்வியும் இப்போதைக்குப் போதும். எங்கே வலி இருக்கிறது என்று கேட்பது அது.

துஷன்பே மாணவன் எழுதியது:

அக்கா, நான் தஜிகிஸ்தானில் மருத்துவம் படிக்கிறேன். மேலே அண்ணன் சொன்ன கணக்கில் மூன்றாவதாக ஒன்று விட்டுப்போயிருக்கிறது, தஜிக். இதுவும் அதே பாரசீகம்தான். 1920களின் கடைசியில் லத்தீன் எழுத்துக்கு மாற்றி, 1940 வாக்கில் ரஷ்யர்களின் சிரில்லிக் எழுத்துக்கு மாற்றிவிட்டார்கள். எழுத்து வேறு என்பதால் இங்கே என் வகுப்பு தஜிக் நண்பர்களால் காபூல் செய்தித்தாளைப் படிக்க முடியாது, வானொலியைக் கேட்டால் புரியும். ஒரே மொழிக்காரர்களுக்கு இப்படி ஆகியிருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

இங்கே நெடில் ஆ எல்லாம் ஓ பக்கம் சாய்ந்துவிடும். வீடு 'கோனா', ரொட்டி 'நோன்'. மருத்துவமனை 'பேமோர்கோனா', டாக்டர் 'துக்தூர்'. உருளைக்கிழங்குக்கு ரஷ்யச் சொல், 'கர்தோஷ்கா'. பேசுவதை ஈரானில் 'ஹர்ஃப் ஸதன்' என்பார்கள், இங்கேயும் காபூலிலும் 'கப் ஸதன்'. 'போய்க்கொண்டிருக்கிறேன்' என்பதற்கு ஈரானில் 'தாரம் மீரம்', இங்கே 'ரஃப்த இஸ்தோதாம்'.

பக்கத்து உஸ்பெக் மொழியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது துருக்கிய மொழி, குடும்பமே வேறு. ஆனால் 'கிதோப்', 'நோன்', 'ஷஹர்' என்று பாரசீகமும் அரபியும் கலந்த சொற்கள் நிறைய. துருக்கிய மொழிகளில் பொதுவான உயிரொலி இசைவு (ஒரு சொல்லின் உயிரொலிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போவது) தாஷ்கந்து உஸ்பெக்கில் தேய்ந்துபோனதற்குத் தஜிக்கோடு பழகியது ஒரு காரணம் என்று இங்கே மொழி ஆசிரியர் சொன்னார். வடக்கு ஆப்கானிஸ்தானின் மஸார் பக்கமிருந்து உஸ்பெக் நோயாளி வந்தால் தாரியிலேயே கேளுங்கள், பெரும்பாலும் தெரிந்திருக்கும்.

சாபஹார் துறை எழுதியது:

கப்பல் சரக்குக் கணக்குப் பார்க்கும் வேலையில் ஈரானின் சாபஹார் துறைமுகத்தில் இருக்கிறேன். இந்த ஊர் ஈரானில் இருந்தாலும் தெருவில் கேட்பது பலூச்சி. ஆப்கானிஸ்தானின் நிம்ரோஸ் மாகாணத்திலிருந்தும் பலூச்சிகள் உங்களிடம் வரலாம், அதனால் சொல்கிறேன்.

பலூச்சி, குர்திஷ் இரண்டும் வடமேற்குக் கிளை. பாரசீகத்துக்குப் பஷ்தூவைவிட நெருக்கம். பாரசீகத்தில் மெலிந்துவிட்ட பழைய மெய்யொலிகள் பலூச்சியில் அப்படியே இருக்கின்றன. பகல் 'ரோஸ்', பலூச்சியில் 'ரோச்'. தண்ணீர் 'ஆப்' என்று பாரசீகத்தில் மெலிந்த பகரத்தோடு சொல்வார்கள், பலூச்சியில் அழுத்தமான பகரம். காற்று 'பாத்', பலூச்சியில் 'க்வாத்'. தாரி தெரிந்த காது இரண்டு வாரத்தில் பிடித்துவிடும் என்று சொல்லமாட்டேன், ஆனால் பஷ்தூவைப் போல் மலைக்க வைக்காது.

இந்தப் பக்கத்தில் நமக்கு உண்மையிலேயே சொந்தமான ஒரு மொழி இருக்கிறது, பிராகூயி. பாகிஸ்தானின் கலாத், குஸ்தார் பகுதிகளில் அதிகம், தெற்கு ஆப்கானிஸ்தானிலும் உண்டு. திராவிட மொழி. கலாத் பக்கத்து லாரி ஓட்டுநர் ஒருவர் எண்ணிக் காட்டினார்: அஸிட், இரட், முஸிட். அதற்கு மேல் நான்கிலிருந்து சார், பஞ்ச் என்று பாரசீக, பலூச்சி எண்கள். கண்ணுக்கு 'கன்', கல்லுக்கு 'கல்', இரண்டிலும் ககரம் தொண்டையில் உரசும். தண்ணீர் 'தீர்', நம் நீர்தான். முன்னிலைக்கு 'நீ'. எனக்கு உடம்பு சிலிர்த்தது. இவர்கள் ஆதியிலிருந்தே அங்கே இருந்தவர்களா, பின்னால் போனவர்களா என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் வழக்கு இருக்கிறது. பிராகூயி பேசுகிறவர்கள் பெரும்பாலும் பலூச்சியும் பேசுவார்கள். நூற்றாண்டுகளாக அந்தக் கலப்பில் வாழ்ந்து அடிப்படைச் சொற்களை விடாமல் வைத்திருக்கிறார்கள்.

நாகர்கோவில்காரி கேட்டது:

எல்லோருக்கும் நன்றி. 'தில் தர்த்' விஷயத்தை எங்கள் வார்டு பலகையிலேயே எழுதி ஒட்டிவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். பாமியானிலிருந்து வந்த ஒரு ஹஸாரா இனத்து அம்மாவின் தாரி மற்றவர்கள் பேசுவதுபோல் இல்லையே, ஏன்? அப்புறம், நோயாளிகளின் அடையாளச் சீட்டில் பிறந்த தேதி 1360 ஸவர் என்பதுபோல் இருக்கிறது. வயதை எப்படிக் கணக்கிடுவது? ஈரான் காலண்டர் செயலியில் ஸவர் என்ற மாதமே இல்லை.

ஹரீரூத் எழுதியது:

ஹஸாராக்கள் பேசும் ஹஸாராகீ, தாரியின் ஒரு வட்டார வழக்கு, சிஸ்டர். மங்கோலிய, துருக்கியச் சொற்கள் அதில் கலந்திருக்கும், மற்ற தாரியில் இல்லாத ட ஒலியும் வரும். நிதானமாகப் பேசினால் அந்த அம்மாவுக்குக் காபூல் தாரி நன்றாகப் புரியும். அவர் சொல்வது உங்களுக்குப் புரியத்தான் நாளாகும்.

மாதம்: இந்தச் சீட்டில் உள்ள ஆண்டுக் கணக்கும் ஈரானுடையதும் ஒன்றுதான், மார்ச் 21 வாக்கில் நவ்ரோஸ் என்ற புத்தாண்டு நாளில் தொடங்கும். பெயர்கள்தான் வேறு. ஈரானில் ஃபர்வர்தீன், ஓர்திபெஹெஷ்த் என்று பழைய பாரசீகப் பெயர்கள். ஆப்கானிஸ்தானில் ராசிகளின் அரபிப் பெயர்கள்: ஹமல், ஸவர், ஜவ்ஸா, ஸரதான், அஸத், ஸும்புலா, மீஸான், அக்ரப், கவ்ஸ், ஜதீ, தல்வ், ஹூத். பஷ்தூவிலும் அதே ராசிகள்தான், ஆடு, காளை என்று தங்கள் சொல்லில் வைத்திருக்கிறார்கள். நாகர்கோவிலில் கொல்லம் ஆண்டுக் காலண்டர் பார்த்திருப்பீர்கள், மேடம், இடவம், மிதுனம் என்று அதே வரிசைதான் இது. ஆனால் ஹமல் மேடத்தைவிட மூன்று வாரத்துக்கும் சற்று அதிகமாக முந்தித் தொடங்கும். ஆகவே ஸவர் என்பது ஏப்ரல் 21 முதல் மே 21 வரை.

ஆண்டுக்கு 621 கூட்டுங்கள். உங்கள் நோயாளி 1981 ஏப்ரல் கடைசியிலோ மே மாதத்திலோ பிறந்தவர். கணக்கைச் சரிபார்க்க வேண்டுமானால் அவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு தேதி இருக்கிறது: 1357 ஸவர் 7, அப்போதைய அதிபர் தாவூத் கானின் ஆட்சி கவிழ்க்கப்பட்ட நாள். அது 1978 ஏப்ரல் 27. ஜதீ பத்தாம் தேதிக்குப் பிறகு ஹூத் முடியும்வரை பிறந்தவர்களுக்கு மட்டும் 622 கூட்ட வேண்டும், அதற்குள் நம் ஜனவரி பிறந்துவிடும்.